விண்டோஸ் ஹோஸ்டிங்ல இருக்கற பழைய தமிழ் சைட், லினக்ஸுக்கு மாத்தலாமா வேண்டாமா?

மூலிகைமகள்:
எல்லாருக்கும் வணக்கம், தென்காசில இருந்து எழுதறேன். எங்க அப்பா ரிட்டயர்டு தாவரவியல் வாத்தியார், குற்றாலம் மலையடிவாரத்துல முப்பது வருஷமா சுத்தி மூலிகைக் குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. 2007ல அவங்க கிட்ட படிச்ச பையன் ஒருத்தர் அதையெல்லாம் ஒரு வெப்சைட்டா போட்டுக் குடுத்தார். இப்போ மொத்தம் 640 செடி இருக்கு, போட்டோ கிட்டத்தட்ட 1,900. அந்தப் பையன் இப்போ வெளிநாட்டுல எங்கயோ இருக்கார், பழைய நம்பர் வேலை செய்யல.

பிரச்சனை என்னன்னா போன வாரம், சைட்டை அவங்க சர்வர்ல வச்சு நடத்தற ஹோஸ்டிங் கம்பெனில இருந்து மெயில் வந்துது. நாங்க இருக்கற பழைய விண்டோஸ் சர்வரை நிறுத்தப் போறாங்களாம், புது விண்டோஸ் சர்வருக்கு மாறணும்னா வருஷத்துக்கு 7,900 ரூபாய், அது போக 18 சதவீதம் ஜிஎஸ்டி. போன வருஷம் வரைக்கும் 3,200தான் கட்டிட்டு இருந்தோம். அதுலயும் "அக்சஸ் டேட்டாபேஸுக்கு சப்போர்ட் கிடையாது"ன்னு ஒரு வரி இருக்கு, செடிக் குறிப்பெல்லாம் அந்த அக்சஸ் ஃபைல்லதான் இருக்கு, எனக்கு அதுதான் பயமா இருக்கு. லினக்ஸ் பிளான் எடுத்தா 2,000க்குள்ள முடிஞ்சிரும்னு அவங்களே சொல்றாங்க. சைட்ல ஒவ்வொரு பக்கமும் டாட் ஏஎஸ்பின்னு முடியுது. எனக்கு டேலி தெரியும், எக்செல் தெரியும், இதெல்லாம் தெரியாது. 45 நாள் டைம் குடுத்திருக்காங்க. அப்பாவோட வேலை அழிஞ்சு போயிரக்கூடாது, அது ஒண்ணுதான் எனக்கு வேணும். எது எடுக்கறது?

கல்லூரிக்கிளி:
அக்கா உங்க வீட்டு கம்ப்யூட்டர் விண்டோஸ்தானே? அப்போ விண்டோஸ் ஹோஸ்டிங்தான் எடுக்கணும், லினக்ஸ் எடுத்தா உங்களால ஃபைல் ஏத்த முடியாது, கமாண்ட் எல்லாம் தெரியணும். எங்க காலேஜ்ல சீனியர்ஸ் அப்படித்தான் சொன்னாங்க.

சர்வர்_மதுரை:
தம்பி கோவிச்சுக்காத, ஆனா இந்த ஒரு தப்பான நம்பிக்கையாலதான் பாதிப் பேர் தேவையில்லாம அதிகக் காசு கட்டிட்டு இருக்காங்க. வீட்ல விண்டோஸ் வச்சிருக்கலாம், மேக் வச்சிருக்கலாம், வெறும் போன் கூட வச்சிருக்கலாம், ஹோஸ்டிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபைல் ஏத்தற ஃபைல்ஜில்லா சாஃப்ட்வேரைத் திறந்து இழுத்து விட்டா எந்த சர்வருக்கும் ஃபைல் போகும். லினக்ஸ் ஷேர்டு ஹோஸ்டிங்ல, அதாவது ஒரே சர்வர்ல பல பேர் சைட் இருக்கறதுல, சிபேனல்னு ஒரு கண்ட்ரோல் பக்கம் குடுப்பாங்க, எல்லாம் பிரவுசர்லயே கிளிக் பண்றதுதான், கமாண்ட் ஒண்ணும் அடிக்க வேண்டாம். சிபேனல் லினக்ஸ்ல மட்டும்தான் ஓடும், ப்ளெஸ்க் ரெண்டுலயும் ஓடும், பார்க்கறவங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

கேக்க வேண்டிய ஒரே கேள்வி சைட்டை எதுல எழுதியிருக்காங்கங்கறதுதான். டாட் பிஹெச்பின்னு முடிஞ்சா யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ். டாட் ஏஎஸ்பிஎக்ஸ்னா அது மைக்ரோசாஃப்டோட டாட்நெட், பெரும்பாலும் விண்டோஸ். வெறும் டாட் ஏஎஸ்பின்னா அது கிளாசிக் ஏஎஸ்பி, 1996ல மைக்ரோசாஃப்ட் அவங்க வெப் சர்வர் ஐஐஎஸ் 3 கூட சேத்து விட்டது. உள்ள விபிஸ்கிரிப்ட்னு மைக்ரோசாஃப்ட் மொழில எழுதின கோடு இருக்கும், அது லினக்ஸ்ல ஓடாது. ஒரு காலத்துல அதை லினக்ஸ்ல ஓட வைக்க சில்லிசாஃப்ட்னு ஒண்ணு வித்தாங்க, அதுவும் செத்துப் போய் ரொம்ப நாளாச்சு.

அதனால தங்கச்சி, ஃபைலை எல்லாம் காப்பி பண்ணி லினக்ஸ்ல போட்டா ஓடாது, கோடு அப்படியே எழுத்தா தெரியும் இல்லைன்னா டவுன்லோடு ஆகும். இது முதல்ல மனசுல வச்சுக்கோங்க, 2,000 ரூபாய்னு பாத்துட்டு பணம் கட்டிராதீங்க.

உங்க கம்பெனி ஏன் நிறுத்துதுன்னும் சொல்றேன். நீங்க இருக்கறது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2வா இருக்கும்னு தோணுது, மைக்ரோசாஃப்ட் அதுக்கு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோட சப்போர்ட்டை முடிச்சிருச்சு. பாதுகாப்பு அப்டேட் இல்லாத சர்வர்ல நூறு பேரோட சைட்டை வச்சிருக்கறது ஆபத்து. புது சர்வருக்கு லைசென்ஸ், அதுவும் ப்ராசசர் கோர் கணக்குல, ஒரு சர்வருக்குக் குறைஞ்சது 16 கோருக்கு வாங்கியே ஆகணும். அந்தச் செலவு உங்க பில்லுல வந்து உக்காருது. லினக்ஸுக்கு அந்த லைசென்ஸ் கிடையாது. அதுக்காக லினக்ஸ் ஹோஸ்டிங்ல எல்லாமே இலவசம்னும் நினைக்க வேண்டாம், 2019ல சிபேனல் அக்கவுண்ட் கணக்குல காசு வாங்க ஆரம்பிச்சதுல இருந்து அந்தப் பக்கமும் விலை ஏறிருச்சு. அக்சஸ் விஷயம் என்னன்னா பழைய அக்சஸ் ஃபைலை, அதான் எம்டிபி, படிக்கற ஜெட் டிரைவர் 32 பிட் மட்டும்தான், 64 பிட்னு ஒண்ணு அதுக்கு வரவே இல்ல. புது சர்வர்ல அதுக்குன்னு தனியா செட்டிங் மாத்தித் தரணும், ஷேர்டுல இருக்கற கம்பெனிங்க அந்தத் தலைவலியை விரும்ப மாட்டாங்க.

கோவை_டாட்நெட்:
மதுரை அண்ணன் சொன்னது சரிங்க, ஆனா விண்டோஸ்ன்னாலே வேண்டாம்ங்கற மாதிரி இழை போயிரக்கூடாதுன்னு எழுதறேன். நான் பதினோரு வருஷமா டாட்நெட்தான் பண்றேன். எங்க கம்பெனில ஒரு மில்லுக்கு பில்லிங் போர்ட்டல் இருக்குது, வெப்ஃபார்ம்ஸ்ங்கற பழைய டாட்நெட் முறைல எழுதினது, ரிப்போர்ட் பூரா கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ். அதை லினக்ஸ்ல வைக்கவே முடியாதுங்க, வெப்ஃபார்ம்ஸைப் புது டாட்நெட்டுக்கு மைக்ரோசாஃப்ட் கொண்டு வரவே இல்ல. மறுபடி எழுதறதுக்கு ஒரு வருஷம் ஆகும், அந்தச் செலவுக்கு விண்டோஸ் லைசென்ஸ் எவ்வளவோ மலிவு. அங்க விண்டோஸ்தான் சரியான முடிவு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அதே சமயம் புதுசா எழுதற எதையும் நாங்க லினக்ஸ்லதான் வைக்கறோம். 2016ல டாட்நெட் கோர் வந்ததுல இருந்து டாட்நெட்னா விண்டோஸ்ங்கற கட்டாயம் போயிருச்சு, உபுண்டுங்கற லினக்ஸ்ல ஓட்டறோம், மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வரே 2017ல இருந்து லினக்ஸ்ல ஓடுது.

அக்காவோடது இந்த ரெண்டுலயும் சேராதுங்க. விபிஸ்கிரிப்டை 2023 அக்டோபர்ல மைக்ரோசாஃப்டே கைவிடப்போறதா அறிவிச்சிருச்சு. இன்னைக்கு 7,900 கட்டி விண்டோஸ்லயே இருந்தாலும் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல இதே கேள்வியோட திரும்ப வருவீங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா, சைட்ல லாகின், பணம் கட்டறது, அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குதா? எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?

மூலிகைமகள்:
லாகின் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. அப்பா நோட்டுல எழுதுவாங்க, நான் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் அட்மின் பக்கத்துல போய் டைப் பண்ணி ஏத்துவேன். முதல்ல கெஸ்ட்புக் இருந்துச்சு, கண்ட கண்ட விளம்பரமா வந்து குவிஞ்சதால 2015ல எடுத்தாச்சு. செடி பேர் போட்டுத் தேடற பெட்டி ஒண்ணு இருக்கு, அது கண்டிப்பா வேணும், சித்தா காலேஜ் பிள்ளைங்க அதைத்தான் நிறைய பயன்படுத்துறாங்க.

வேர்ட்பிரஸ்_ரசிகன்:
சைட் நடத்தற சாஃப்ட்வேர் வேர்ட்பிரஸ் போடுங்க மேடம், லினக்ஸ்ல ஒரே கிளிக். உலகத்துல இருக்கற சைட்ல நூத்துக்கு நாப்பதுக்கு மேல அதுலதான் ஓடுது.

சர்வர்_மதுரை:
ஓடுது, நானே முப்பது சைட் பாத்துக்கறேன். ஆனா பாத்துக்க ஆள் இருந்தாதான் வேர்ட்பிரஸ். வேர்ட்பிரஸ், தீம், பிளகின், கீழ அது எழுதின பிஹெச்பி மொழி, எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டே இருக்கணும். பிஹெச்பி 7.4க்கு 2022 நவம்பர்லயே சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இன்னமும் அதுல ஓட்டிட்டு இருக்கறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும், ஹேக் ஆனதும் ராத்திரி 11 மணிக்கு எனக்குத்தான் போன் வரும். இந்தத் தங்கச்சி சைட் 2007ல இருந்து ஒரு ஆளும் கோடைத் தொடாம நின்னிருக்கு. அடுத்த பதினஞ்சு வருஷமும் அப்படியே நிக்கற மாதிரி ஒண்ணுதான் வேணும்.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாறற 640 பக்கத்துக்கு டேட்டாபேஸே தேவையில்ல. எல்லாத்தையும் சாதா ஹெச்டிஎம்எல் பக்கமா ஆக்கிருங்க. தேடற பெட்டிக்கு 640 பேரையும் ஜேசன்னு ஒரு பட்டியல் ஃபைல்ல போட்டு பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதினா போதும். அப்புறம் அது லினக்ஸ்லயும் ஓடும் விண்டோஸ்லயும் ஓடும், கம்பெனி சரியில்லைன்னா ஒரு மணி நேரத்துல வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போயிரலாம். ஆபரேட்டிங் சிஸ்டம்ங்கற கேள்வியே உங்களுக்கு இல்லாமப் போயிரும், மலிவா இருக்கற லினக்ஸ் பிளானை எடுத்துக்கலாம்.

மூலிகைமகள்:
கேக்க ஆறுதலா இருக்கு. டேட்டாபேஸ் ஃபைலை டவுன்லோடு பண்ணி அக்சஸ்ல திறந்து பாத்தேன் அண்ணாச்சி, எனக்கு கையே ஓடல. ஒரு எழுத்து கூட தமிழ் இல்ல. கொம்பு வச்ச ஏ, வட்டத்துக்குள்ள ஆர், யூரோ குறி இப்படி வரிவரியா போகுது. சைட்ல பாத்தா தமிழ் சுத்தமாத் தெரியுது. ஃபைல் கெட்டுப் போச்சா? இன்னும் 38 நாள் இருக்கு.

யாழ்_வலை:
பயப்பிடாதேங்கோ அக்கா, கெட்டுப் போகேல்ல. இது கிளாசிக் ஏஎஸ்பில தமிழ் செய்தவைக்கு நடந்த பழைய கதை, எங்கட பக்கத்திலயும் ஒரு பள்ளிக்கூட சைட்டுக்கு இதே நடந்தது.

விஷயம் இதுதான். பிரவுசர் தமிழை யூடிஎஃப்8 எண்ட எழுத்துக் குறியீட்டில அனுப்பும், ஒரு தமிழ் எழுத்துக்கு மூண்டு பைட். அந்த ஏஎஸ்பி பக்கத்தில மேல கோட்பேஜ் 65001, அதாவது யூடிஎஃப்8, எண்டு எழுதியிருந்தா சர்வர் அதைத் தமிழ் எண்டு விளங்கிக்கொள்ளும். எழுதாமல் விட்டா அது ஐரோப்பிய எழுத்து, விண்டோஸ் 1252 எண்டு நினைச்சு ஒவ்வொரு பைட்டையும் ஒவ்வொரு எழுத்தா அக்சஸுக்குள்ள போட்டிடும். திருப்பி எடுக்கேக்க அதே பிழையைத் தலைகீழா செய்யும், அதால பிரவுசருக்கு சரியான பைட் போகும், தமிழ் தெரியும். உள்ள பிழை, வெளிய சரி. பதினேழு பதினெட்டு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்ததுக்கு அதுதான் காரணம்.

எஸ்க்யூஎல் சர்வர் வச்சிருந்தவைக்கு வேற மாதிரி வரும். யூனிகோடுக்கான என்வார்ச்சார் வகை போடாமல் சாதா வார்ச்சார் போட்டாலோ, தமிழ் எழுத்துக்கு முன்னால அந்த ஒரு என் எழுத்தை விட்டாலோ எல்லாம் கேள்விக்குறியா மாறிடும், அது திரும்பாது. உங்கட டேட்டா அப்பிடி இல்லை, எல்லாம் உள்ள இருக்கு.

கல்லூரிக்கிளி:
அக்கா நான் பைத்தான் கம்ப்யூட்டர் மொழி படிக்கறேன், இது ரெண்டு வரிதான். 1252ன்னு என்கோடு பண்ணி யூடிஎஃப்8ன்னு டிகோடு பண்ணணும். எரர் வந்தா விட்டுட்டுப் போற மாதிரி இக்னோர் போட்டு எழுதி உங்களுக்கு மெசேஜ்ல அனுப்பியிருக்கேன், ஓட்டிப் பாருங்க.

மூலிகைமகள்:
தம்பி ரொம்ப நன்றிப்பா, பக்கத்து வீட்டுப் பையனை வச்சு ஓட்டினேன், தமிழ் வந்துருச்சு! ஆனா ஏதோ குறையுது. தும்பைக்கு "தமபை"ன்னு வருது. துளசி "தளசி". கற்பூரவல்லி "கறபூரவலலி". ஏலக்காய் பாத்தா "லககாய"ன்னு நிக்குது. அப்பாகிட்ட காமிக்கவே இல்ல. 640 செடிக்கும் நான் உக்காந்து புள்ளி வைக்கணும்னா வைப்பேன், ஆனா 38 நாள்ல முடியாது.

சர்வர்_மதுரை:
வைக்க வேண்டாம் தங்கச்சி, கைய வைக்காதீங்க. நீங்க எழுதின அந்த நாலு பேரையும் வச்சே காரணம் புரிஞ்சிருச்சு.

விண்டோஸ் 1252 அட்டவணைல அஞ்சு இடம் காலி. 81, 8டி, 8எஃப், 90, 9டி, எல்லாம் ஹெக்ஸ் எண். நம்ம புள்ளி இருக்குல்ல, அதோட மூணாவது பைட் 8டி. உகரக் கொக்கிக்கு மூணாவது பைட் 81. ஏவுக்கு 8எஃப். ஐக்கு 90. அட்டவணைல இல்லாத பைட்டை பைத்தான் ஏத்துக்காது, இக்னோர் போட்டதால சத்தமில்லாம தூக்கிப் போட்டுட்டு போயிருச்சு. அதனாலதான் புள்ளி, உகரம், ஏ, ஐ நாலும் மட்டும் காணாமப் போயிருக்கு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. விண்டோஸ் சர்வர் அந்தக் காலி இடத்தை எல்லாம் தள்ளாம அப்படியே கடத்தி விட்டுரும், அதான் சைட்ல சரியாத் தெரியுது.

தம்பி நீ செஞ்சது தப்பில்ல, வழி சரிதான். இக்னோர் மட்டும் எப்பவும் போடாத. தமிழ் டேட்டால எரர் வந்தா அது ஏன் வருதுன்னு பாக்கணும், ஒரு புள்ளி போச்சுன்னா சொல்லே மாறிரும்.

இதை ஸ்கிரிப்ட்லயே சரி பண்ணலாம், அந்த அஞ்சு இடத்துக்கும் தனியா கணக்கு எழுதணும். ஆனா அதை விட சுலபமான வழி ஒண்ணு இருக்கு. சைட் இன்னும் உயிரோட இருக்கு, சரியான தமிழை அதுவே 640 பக்கமா வெளியே குடுத்துட்டு இருக்கு. டேட்டாபேஸை எதுக்கு நோண்டணும்? சைட்டை அப்படியே இறக்கிருங்க. டபிள்யூகெட்னு பக்கம் இறக்கற சாஃப்ட்வேர் வச்சு முதல் பக்கத்துல இருந்து எல்லா லிங்க்கையும் புடிச்சு இறக்கினா ஹெச்டிஎம்எல்லா வந்துரும். நாம செய்ய நினைச்சதும் அதுதானே.

கோவை_டாட்நெட்:
அருமைங்க, இதுதான் சரி. ரெண்டு விஷயம் மட்டும். ஒண்ணு, தேடற பெட்டி வழியா மட்டும் போற பக்கம் ஏதாச்சும் இருந்தா டபிள்யூகெட்டுக்குத் தெரியாது, அதனால முகவரி கடைசில வர்ற செடி எண், அந்த ஐடி 1ல இருந்து கடைசி வரைக்கும் முகவரியை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வரிசையா எழுதிக் குடுத்துருங்க. எக்செல்ல இழுத்தா ஒரு நிமிஷம். ரெண்டு, உங்க லேப்டாப் விண்டோஸ்ங்கறதால முகவரில இருக்கற கேள்விக்குறி ஃபைல் பேர்ல வராது, அதுக்குப் பதிலா அட் குறி போட்டு இறக்கும். பயந்துக்காதீங்க, அது வழக்கம்தான், அப்புறம் பேர் மாத்திக்கலாம்.

இறக்குனதும் எண்ணிப் பாருங்க, 640 இருக்கோணும்.

மூலிகைமகள்:
631தான் இருக்கு. ஒம்போது செடி குறையுது.

மூலிகைமகள்:
கண்டுபிடிச்சுட்டேன், அந்த ஒம்போதும் அப்பா நடுவுல வேண்டாம்னு எடுக்கச் சொன்னது, நான்தான் மொத்த எண்ணிக்கைய மாத்தாம விட்டுருக்கேன். 631தான் சரி. எல்லாத்தையும் திறந்து பாத்தேன், தும்பை தும்பையா இருக்கு.

யாழ்_வலை:
நல்ல சந்தோஷம் அக்கா. ஹோஸ்டிங் வாங்க முதல் ஒண்டு, அப்பான்ர ஈமெயில் அந்த டொமைன்ல இருக்கோ? இருந்தா பழைய மெயில் எல்லாம் பழைய சர்வரிலதான் கிடக்கும், சைட்டை மாத்தினவுடனே அதுவா பின்னால வராது. தண்டர்பேர்ட் எண்ட மெயில் சாஃப்ட்வேரில பழைய, புதுக் கணக்கு ரெண்டையும் ஐமேப்ல போட்டு இங்கயிருந்து அங்க இழுத்து விடுங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் சைட்டில மட்டும் கவனமா இருந்து ஏழு வருஷ மெயிலை விட்டிட்டார்.

மூலிகைமகள்:
இருக்கு அண்ணாச்சி, அப்பாவுக்கு நெறைய பேர் செடி போட்டோ அனுப்பி பேர் கேப்பாங்க. நல்ல வேளை சொன்னீங்க. இழுத்துட்டு இருக்கு, 4,000க்கு மேல மெயில்.

லினக்ஸ் பிளான் எடுத்தாச்சு. முதல் வருஷம் 1,600, ரெண்டாம் வருஷத்துல இருந்து 2,900ன்னு சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, மதுரை அண்ணாச்சி மெசேஜ்ல பாக்கச் சொன்னதாலதான் பாத்தேன். டெஸ்ட்டுக்கு ஒரு தனி முகவரி குடுத்தாங்க, அதுல ஏத்திப் பாத்தேன். எழுத்தெல்லாம் சரி. ஆனா போட்டோ பாதிக்கு மேல வரல, உடைஞ்ச படம் மாதிரி காட்டுது. அதே ஃபோல்டர் என் லேப்டாப்ல திறந்தா எல்லாப் படமும் வருது!

கல்லூரிக்கிளி:
அக்கா இது எனக்குத் தெரியும்! போன செமஸ்டர் ப்ராஜெக்ட்ல நான் மாட்டிக்கிட்டது. லேப்டாப்லயே சர்வர் மாதிரி ஓட்டிப் பாக்கற ஸாம்ப்ல சூப்பரா ஓடுச்சு, ஹோஸ்டிங்ல போட்டதும் கிளாஸ் ஃபைல் இல்லைன்னு எரர், ரெண்டு நாள் தூங்கல. லினக்ஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேற. விண்டோஸ்ல ரெண்டும் ஒண்ணு. உங்க போட்டோ ஃபைல் பேர் கேமராவுல இருந்து வந்தபடியே பெரிய எழுத்துல ஐஎம்ஜி, ஜேபிஜின்னு இருக்கும், வெப் பக்கத்துக்குள்ள சின்ன எழுத்துல எழுதியிருப்பாங்க.

சர்வர்_மதுரை:
தம்பி சொன்னது அச்சு அசல். விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு வர்றவங்க பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு முதல் நாள் இதுதான் நடக்கும், ஹோஸ்டிங் கம்பெனி மேல கோவப்படுவாங்க, அவங்க மேல தப்பே இருக்காது. ஒரு முடிவு எடுத்துக்கோங்க, எல்லா ஃபைல் பேரும் சின்ன எழுத்து, நடுவுல ஸ்பேஸ் கிடையாது. 1,900 போட்டோவையும் கையால மாத்த வேண்டாம், பவர்ரீநேம்னு விண்டோஸுக்கு ஒண்ணு இருக்கு, பவர்டாய்ஸ் போட்டா கூடவே வரும், மொத்தமா சின்ன எழுத்துக்கு மாத்திரும். ஒண்ணு கவனம், ஒரே பேர் பெரிசுலயும் சின்னதுலயும் ரெண்டு ஃபைலா சர்வர்ல ஏத்தி வச்சுராதீங்க, லினக்ஸ் ரெண்டையும் வச்சுக்கும், எது புதுசு எது பழசுன்னு அப்புறம் தெரியாது. முதல்ல ஏத்தினதை எல்லாம் அழிச்சுட்டு புதுசா ஏத்துங்க. பக்கத்துக்குள்ள இருக்கற படத்துப் பேரையும் நோட்பேட் பிளஸ் பிளஸ்ல எல்லா ஃபைலுக்கும் சேத்து மாத்திரலாம்.

யார் படிக்கலாம் யார் எழுதலாம்னு பர்மிஷன்னு ஒண்ணு கேக்கும், ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755. யாராச்சும் 777 போடச் சொன்னா போடாதீங்க, சர்வர்ல இருக்கற யார் வேணா எழுதலாம்னு அர்த்தம்.

பழையபலகை:
இத்தனை பாடு எதுக்கு, 7,900 கட்டிட்டு இருந்திருந்தா ஒரு வேலையும் இல்லையே.

கோவை_டாட்நெட்:
இல்லைங்க, அங்கயும் அக்சஸ் சப்போர்ட் இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. எஸ்க்யூஎல் சர்வரோட இலவச வடிவம் எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸுக்கு மாத்தியிருக்கோணும், கோட்லயும் கை வைக்கோணும், அந்தக் கொம்பு வச்ச எழுத்துப் பிரச்சனையும் அங்கயே வந்திருக்கும். வேலை அதேதான், வருஷா வருஷம் காசும் போகும். ஒரு கடைக்காரர் டாட்நெட்ல பில்லிங் வச்சிருந்து கேட்டிருந்தா நான் கட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

மூலிகைமகள்:
படம் எல்லாம் வந்துருச்சு. ரெண்டு நாள் ஆச்சு. கடைசியா ஒண்ணு, நிறைய பேர் அவங்க பிளாக்ல, ஒரு சித்தா காலேஜ் நோட்ஸ்ல கூட எங்க பழைய முகவரியைக் குடுத்திருக்காங்க, செடி டாட் ஏஎஸ்பி கேள்விக்குறி ஐடி 214 அப்படின்னு. அதெல்லாம் இனிமே போகாதா?

சர்வர்_மதுரை:
போகும், போக வைக்கலாம். லினக்ஸ்ல வெப் சர்வரா அப்பாச்சியோ லைட்ஸ்பீடோ இருக்கும், ரெண்டும் டாட் ஹெச்டிஅக்சஸ்ங்கற ஃபைலைப் படிக்கும். விண்டோஸ்ல இதே வேலைய வெப் டாட் கான்ஃபிக் செய்யும், ஒண்ணை இன்னொண்ணுல போட்டா வேலை செய்யாது. இங்க எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, ரீரைட்ரூல் வரி கேள்விக்குறிக்குப் பின்னாடி இருக்கறதைப் பாக்கவே பாக்காது. அதுக்கு மேல ரீரைட்காண்ட்னு ஒரு வரி போட்டு குவரிஸ்ட்ரிங்ல, அதான் அந்தக் கேள்விக்குறி வால்ல இருந்து, 214ஐ எடுக்கணும், அப்புறம்தான் கீழ உள்ள வரில 214 டாட் ஹெச்டிஎம்எல்லுக்கு 301 அனுப்பணும், கடைசில க்யூஎஸ்டி போட்டா பழைய கேள்விக்குறி வால் கூட ஒட்டிட்டு வராது. நாலு வரிதான், எழுதி அனுப்பறேன். 301னா நிரந்தரமா மாறிருச்சுன்னு கூகுளுக்கும் புரியும்.

மாத்தறதுக்கு ஒரு நாள் முன்னாடியே டொமைன் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற டிஎன்எஸ்ல, அந்தப் பதிலை எவ்வளவு நேரம் வச்சுக்கலாம்ங்கற டிடிஎல்லை 300 செகண்டு ஆக்கிருங்க, அதாவது அஞ்சு நிமிஷம். அப்போ மாத்தினதும் சீக்கிரம் எல்லாருக்கும் போய்ச் சேரும், ஏதாவது தப்பானாலும் உடனே திரும்பிக்கலாம். மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டையும் சேத்துப் பாருங்க. பிரவுசர்ல பூட்டுக் குறி காட்டற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் சிபேனல்லயே இலவசமா வந்துரும், தானா புதுப்பிச்சுக்கும். பழைய ஹோஸ்டிங்கை முடியற நாள் வரைக்கும் அழிக்காதீங்க.

மூலிகைமகள்:
நேத்து ராத்திரி மாத்தியாச்சு. இன்னும் 19 நாள் மிச்சம் இருக்கு. பழைய லிங்க் பத்து எடுத்து சோதிச்சேன், பத்தும் சரியான செடிக்குப் போகுது. தேடற பெட்டியை தம்பிதான் எழுதிக் குடுத்தான், ஆடாதோடைன்னு முழுசா போடாம "ஆடா"ன்னு அடிச்சாலே வருது, முன்னாடி அப்படி வராது. மூணு இடத்துல பேக்கப் வச்சிருக்கேன், ஒண்ணு அக்கா வீட்டு பென்டிரைவ்ல.

அப்பா காலைல இருந்து ஒவ்வொரு செடியா பாத்துட்டு இருந்தாங்க. கீழாநெல்லிக்கு வந்ததும் நிறுத்திட்டு, இது மேலாநெல்லி படம், காயைப் பாரு இலைக்கு மேல நிக்குது, இத்தனை வருஷமா இப்படியா இருந்துச்சுன்னு கேட்டாங்க. அப்படித்தான் இருந்திருக்கு. சாயங்காலம் ரெண்டு பேரும் வாய்க்கால் கரைக்குப் போய் சரியான கீழாநெல்லியை போட்டோ எடுத்துட்டு வந்தோம். ஏத்தினேன், படம் வரல. ஃபைல் பேரைப் பாத்தேன், கடைசில ஜேபிஜி பெரிய எழுத்துல இருந்துச்சு. மாத்தினேன், வந்துருச்சு.